நான்கு விரற்கடை

திங்கட்கிழமை.
பதினெட்டு அறைகளில் இரண்டில்தான் ஆள்.
ஈப்போவிலிருந்து வந்த சீனத் தம்பதி
ஏழரைக்கே பசியாறிவிட்டுக்
கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.
நான் நீச்சல் குளத்தில் குச்சி இறக்குகிறேன்.
இன்றும் நான்கு விரற்கடை குறைவு.

வெயில் குடித்திருக்கும் என்கிறார் மேனேஜர் ரொஸ்லான்.
வெயில் ராத்திரியில் குடிக்குமா, என்சிக்?

மூன்று முறை ஓடு மாற்றியாயிற்று.
மூன்று முறையும் அதே மூலை,
அதே மயிரிழை விரிசல்.
சுபாங் குத்தகைக்காரர்
கருவி வைத்துக் கேட்டார், காது வைத்துக் கேட்டார்,
மண் இளக்கம் என்று எழுதிக் கொடுத்து
எண்ணூறு வெள்ளி வாங்கிப் போனார்.

வரவேற்பறைச் சுவரில் சரித்திரம் இருக்கிறது,
கண்ணாடிக்குள்.
தஞ்சோங் கெலாடி, 1911: துரைமார் ஓய்வு இல்லம்.
அடுத்த வரி, 1994: புதுப்பிக்கப்பட்டது.
நடுவில் எண்பத்து மூன்று வருடம்
ஓர் ஆணி அகலம்.

அந்த அகலத்துக்குள்
கித்தா இருந்தது, தென்னை இருந்தது, பிறகு செம்பனை.
லயத்தில் எண்பத்திரண்டு வீடு, ஒரு கள்ளுக்கடை.
வீடுகள் போன இடம் டவுன் அடுக்குமாடி;
நானும் அங்கேதான், நாலாவது மாடி, லிஃப்ட் ஓடாது.
சயாமுக்கு லோரி ஏறியவர்கள் நாற்பத்தொரு பேர்.
திரும்பி இறங்கியவர்கள் ஆறு.
அதில் ஒருவர் சடையப்பன்:
கிராணியின் பெரட்டுப் புத்தகத்தில்
பெயர் வெட்டி, மறுபடி எழுதி,
எதிரே கூலி மட்டும் எழுதாமல்.

(புத்தகம் கிடைத்தது பம்பு அறைப் பரணில்,
கரையான் தின்றது போக.)

அதிலேயே மசி மங்கிய ஒரு பக்கம்:
லயத்துக் கிணறு. ஆழம் முப்பத்திரண்டு அடி.
பங்களாப் படியிலிருந்து தெற்கே அறுபது தப்படி.
உப்பு ஏறாத ஒரே தண்ணீர்.
மூடியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நேற்று யாரும் இல்லாத நேரம் நடந்து பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது,
செருப்பு நனைந்தது.

சொன்னால் நாளைக்கே சிமெண்டு லோரி வரும்.
குறிப்பேட்டில் 'வெயில்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டுக் குழாயைத் திறக்கிறேன்.
ஈப்போ அம்மாள் வந்து மலாயில் கேட்கிறார்,
இன்றைக்குக் குளிக்கலாமா?
மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும் என்கிறேன்.
அந்தப் பக்கம் கடல்
யாருக்கும் கணக்குக் காட்டாமல்
இறங்கிக்கொண்டிருக்கிறது.