பண்ணைக் கணக்கு

இரவு முழுக்க நான் சொன்னது மூன்றே வசனம்:
மூச்சை இழுங்கோ.
பிடியுங்கோ.
இனி விடலாம்.
பத்தொன்பது நெஞ்சுக்கூடு, இரண்டு முழங்கால்,
ஒரு குழந்தை விழுங்கின அஞ்சு ரூபாய்க் குத்தி.
விடிய எக்ஸ்ரே அறைத் திறப்பைக் கைமாற்றிவிட்டு
ஆசுபத்திரி வீதியால் சைக்கிளை விட்டால்
கோட்டை மதிலைச் சுற்றி வந்த வாடை
ஈரத்துணியால் முகத்தில் அடிக்கிறது.

தை பிறந்து நாலு நாள்.
பண்ணைப் பாலத்துக்கு இடப்பக்கம்
கடல் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படும் தண்ணீர்,
கணுக்கால் அளவு.
அதில் நின்றபடியே நித்திரை கொள்ளும்
பவளக்கால் உள்ளான்கள்.
சிவப்புப் பேனையால் முதலில் காலைக் கீறி
உடம்பு பிறகுதான் ஞாபகம் வந்தது போல.
அப்பால் ஊசிவால் வாத்துகள்.
போன வருசத்து ஆட்கள்தானோ என்று கேட்காதேங்கோ,
முகம் பிடிபடாது எனக்கு.
எலும்பென்றால் சொல்லுவேன்.

தொலைநோக்கி கஸ்தூரியார் வீதியில் வாங்கினது.
காவலரணும் மணல்மூட்டையுமாய் இருந்த நாளில்
இதே பாலத்தில் இதைக் கழுத்தில் போட்டு வந்தவள்
கொக்குப் பார்க்கிறேன் என்று
எந்த மொழியில் சொல்லியிருப்பாள்?
இன்றைக்கும் பட்டியைச் சட்டைக்குள்தான் விடுகிறது
கை, தன்பாட்டில்.

குருநகர் யேசுநேசன்
இறால் கூட்டைத் தூக்கித் தண்ணி வடியவிட்டார்.
“எத்தினை பிடிச்சனீங்கள், மிஸ்?”
பிடிக்கேல்லை அண்ணை, எண்ணுறன்.
“எண்ணினா ஆர் காசு தருவினம்?”
ஒருத்தரும் இல்லை.
“அப்ப ஆறுதலா எண்ணுங்கோ.”

பத்துப் பத்தாய்.
கண் ஒரு சட்டம் போடும், அடுத்த சட்டத்துக்கு நகரும்.
இருநூற்றெழுபது.
முந்நூறு.
முந்நூற்றுப் பத்து.
என் மூச்சை நானே பிடித்திருந்தேன்.

பின்னால் ஒரு வான் வந்து நின்றது.
கூறைச் சேலை, கோட்டு, வெள்ளைக்குடை,
குடை பிடிக்க ஒரு மச்சான்.
ஒரு பெடியன் உள்ளங்கையில் இருந்து
ட்ரோனை எழுப்பினான், கொழுத்த இலையான் இரைச்சல்.
களப்பு எழும்பியது.

ஒரு திரும்பலில் முழுக்கக் கறுப்பு,
மறு திரும்பலில் முழுக்க வெள்ளை,
வெளிச்சப் பெட்டியில் யாரோ
படத்தைக் கொழுவிக் கொழுவிக் கழற்றுவது போல.
“சூப்பர்! அக்கா, கொஞ்சம் விலகுங்கோ,
பிறேமுக்குள்ள நிக்கிறியள்.”

ஏச ஒரு சொல் வாய்வரை வந்தது, நல்ல சொல்.
ஆனால் பொம்பிளை கமராவைப் பார்க்கவில்லை.
நெற்றிச்சுட்டி சரிய அண்ணாந்து, வாய் திறந்து.
“திரும்பி வருமோ?”
தெரியாது. அராலிப் பக்கம் இறங்கக்கூடும்.
கழுத்துப் பட்டியைக் கழற்றி நீட்டினேன்.
அவள் பார்த்தாள்,
மாப்பிள்ளை இரண்டு தரம் கூப்பிடும்வரை,
பிறகு மூன்றாம் தரமும்.

படிவத்தில் முந்நூற்றுப் பத்து என்று எழுதி
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி வைத்தேன்.
‘இடையூறு’ என்ற கட்டத்தில்: கலியாணம்.
யேசுநேசன் சிரித்துக்கொண்டு
சேறு கலங்கின இடமாய்ப் பார்த்துக் கூட்டை இறக்கினார்.

இன்றிரவும் எனக்கு வேலை.
வலது கண்ணாடி விளிம்பில் அவளுடைய கண்மை.
துடைக்கவேண்டும்.