இரண்டரை மணி நேரம்

வைரவன் மூன்று நாள் இருந்துவிட்டு
கிள்ளானுக்குத் திரும்பிவிட்டான்.
ஃபிரிட்ஜ் மேல் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில்
ஒரு பென்டிரைவ், சுற்றியிருந்த துண்டுக் காகிதத்தில்
‘வீட்டுக் கணக்கு. உன்னோடதோட சரி பாத்துக்க ஆச்சி.’

தேவகோட்டையில் கரண்ட் வந்தபோது மணி ஒன்பதரை.
இடப்பக்கம் என் ஃபோல்டர்,
வலப்பக்கம் அவனுடையது.
பள்ளத்தூர் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாக
தீர்வை, காவல்காரர் சம்பளம், கிணற்று மோட்டார்,
வௌவாலுக்கு அடித்த வலை என்று
ஒன்பது புள்ளிக்கும் பங்கு பிரித்து எழுதுவது நான்.
பத்தாவதாக எனக்கொரு புள்ளி கிடையாது.
கட்டிக்கொடுத்தவளுக்கு
அந்த வீட்டில் கணக்கு மட்டும் உண்டு.

‘ஒப்பிடு’ என்றேன்.
மேலிருந்து கீழ்வரை பச்சை அம்புகள்,
ஏறக்குறைய எல்லாம் என்னைப் பார்த்து.
அறுநூற்றுச் சொச்சம் ஃபைலிலும்
அவனுடையதே புதிதாம்.
பகீரென்றது.
உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினானா?

பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன்.
என்னுடையது பத்து பதினாலு என்றால்
அவனுடையது பன்னிரண்டு நாற்பத்துநாலு.
அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும்.
மலேசியக் கடிகாரத்தை அப்படியே
தூக்கி வந்திருக்கிறது இந்த விரல்நீளச் சாமான்.
எனக்குப் பதினோரு மாதம் இளையவன்,
பிறந்ததைத் தவிர எதிலும் எனக்குப் பிந்தியதில்லை.

தேதியை விடு, உள்ளே இருப்பதைப் பார் என்று
ஒரு கட்டத்தில் டிக் வைக்கலாம்.
வைத்துவிட்டுப் பாலுக்கு உறை ஊற்றப் போனேன்.
திரும்பி வந்தால் அம்புகள் உதிர்ந்து
நடுவில் சமக்குறிமேல் சமக்குறி,
ஓடு வேய்ந்ததுபோல.

மிச்சம் இரண்டு.

அவனிடம் மட்டும் இருப்பது ஒரு படம்:
செய்தித்தாள்மேல் இரும்புப்பெட்டிச் சாவி.
நான் எப்போதோ அழித்ததா,
இல்லை, இந்த மூன்று நாளில் அவன் எடுத்ததா?
அழிந்துபோனதும் வந்தே இராததும்
திரையில் ஒரே காலியிடம்.
எனக்கும் நினைவில்லை.

மற்றது ‘ஓட்டு மராமத்து’.
இரண்டு பக்கமும் ஆயிரத்து நூற்றாறு பைட்.
ஆனாலும் நடுவில் சமக்குறியைக் குறுக்கே வெட்டி
ஒரு சிவப்புக் கோடு.
திறந்தேன்.
இருபத்திரண்டாம் வரியில் ஒரே ஓர் இலக்கம் மஞ்சளாக.
அங்கே 43,000.
இங்கே 48,000.

மூன்றை எட்டாக்குவதில்
ஃபைல் கனப்பதில்லை.
மகன் பல்லுக்குக் கம்பி கட்டிய மாதம் அது.
கொத்தனார் சூசை கணக்கை
எனக்கு மட்டும் அனுப்பியதாகவே
ஏழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்கும் போயிருக்கிறது.
போயும் நாற்பத்தெட்டுக்கே
பங்கை அனுப்பினான், அந்த வாரமே.
‘கிடைச்சுதா ஆச்சி?’
வேறொன்றும் கேட்கவில்லை.

புதியது பழையதை மூடும், அதுதான் இதன் விதி.
அம்பு என்னிலிருந்து அவன் பக்கம் போகிறது.
ஒரு தட்டு தட்டினால்
நாற்பத்து மூன்று எங்கேயும் இராது.

அம்பின்மேல் சொடுக்கினால் அது திரும்புகிறது.
இன்னொரு சொடுக்கு, எந்தப் பக்கமும் இல்லை.
இன்னொன்று, மறுபடி அவன் பக்கம்.
இப்படியே எத்தனை முறை சுற்றினேனோ,
பக்கத்து வீட்டு டிவி அணைந்திருந்தது.

கடைசியில் என் பக்கம் திருப்பினேன்.
‘இடப்பக்கக் கோப்பு மேலெழுதப்படும். சரியா?’
சரி.

முடிந்தது. சமக்குறி.
என் ஃபைலின் தேதிகூட
சூசை அனுப்பிய நாளுக்கே போய்விட்டது,
யாரும் ஒருபோதும் தொடாததுபோல் சுத்தமாக.
எட்டு இருந்ததற்கு இப்போது சாட்சி இல்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

புதிதாக ஒரு ஃபைல் திறந்தேன்.
ஐயாயிரம், வகுத்தல் ஒன்பது,
ஆளுக்கு ஐந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்
ஐம்பத்தாறு காசு.
ஒன்பது பெயர். முதல் பெயர் அவனுடையது.
‘தர வேண்டியது’ என்று சேமித்து
வலப்பக்கம் நகலெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து
உண்ணாமலை மகள் விமானம் ஏறுகிறாள்.
அவளிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.
இங்கே பதினொன்று நாற்பது.
பென்டிரைவ் உருவும்போது
லேசாகச் சுட்டது.