இருநூற்றிருபதில் கழித்தது

கடிகாரம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
பிறந்த ஆண்டு.
இருநூற்றிருபதில் நாற்பத்தொன்பதைக் கழித்து
நூற்று எழுபத்தொன்று என்று குறித்துக்கொண்டது.
அதற்குமேல் என் இதயம் துடிக்காதாம்.
ஆளைப் பார்க்காமலே சட்டை வெட்டும்
தையற்காரனின் தைரியம்.

குயோப்பியோவில் மார்ச். மைனஸ் பதினொன்று.
கல்லவேசி ஏரி இன்னும் இறுகிக் கிடக்கிறது.
அதன்மேல் பனிச்சறுக்குத் தடம், இணையாக இரண்டு கோடு.
இந்த ஊரில் நான் பேருந்து ஓட்டாத
ஒரே பாதை.

தைனாவோடு பேசிக்கொண்டே போவேன்.
அவள் தன் மருமகளைப் பற்றி,
நான் ஏழாம் எண் வண்டியின்
மூடாத பின்கதவைப் பற்றி.
மூச்சுக்காக ஒரு வாக்கியமும் உடைந்ததில்லை.
மணிக்கட்டில் மட்டும் தீப்பிடித்திருக்கும்:
சிவப்பு. நான்காம் மண்டலம், சற்று மேடு வந்தால் ஐந்தாம்.
வீட்டுக்கு வந்து பூட்ஸ் கழற்றும்போது தீர்ப்பு:
சுமை நூற்று நாற்பது.
எழுபத்தொரு மணிநேரம் ஓய்வெடுங்கள்.

எழுபத்தொன்று!
அதற்குள் மூன்று ஷிப்ட் ஓட்டிவிடுவேன்.

குளிர்காலம் முழுக்க நம்பினேன் என்பதுதான் வெட்கம்.
கால் போகலாம் என்றது,
கை வேண்டாம் என்றது,
கையின் பேச்சைக் கேட்டேன்.

எடைக்கல் பொய்யென்றால்
தராசை வைது என்ன, மீனை வைது என்ன.

சோதனைக்கு முப்பது நிமிடம் போதும். தனியாக.
தைனா வரக்கூடாது,
துரத்துவதற்கு முன்னால் ஒரு முதுகும் இருக்கக்கூடாது.
மணிக்கட்டின் பச்சை வெளிச்சம் குளிரில் உளறும் என்று
மார்புப்பட்டையை நனைத்துக் கட்டினேன்.
ஈரம் விலாவைக் கடித்தது.
முதல் பத்து நிமிடம் உடம்பு பொய் சொல்லும்,
அதைத் தள்ளிவிட்டு
மீதி இருபதின் சராசரிதான் கணக்கு.

பதினாலில் எச்சில் கம்பியானது.
பத்தொன்பதில் கரையோரச் சிவப்புப் படகுக் கொட்டகை
கிட்டே வரவே மறுத்தது.
இருபத்தாறில் யாரையோ திட்டினேன்.
ஃபின்னிஷில் அதற்கு நல்ல சொற்கள் உண்டு.
முப்பதில் பனிமேல் விழுந்து கிடந்தேன்.
பனியில் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்
எழுந்து நின்று பார்த்தார்,
என் கை அசைவதைக் கண்டதும்
மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

நூற்று எழுபது.
உச்சம் என்று அது சத்தியம் செய்த இடத்துக்கு
ஒரே ஒரு துடிப்பு கீழே
இருபது நிமிடம் குடியிருந்திருக்கிறேன்.

சமையலறை மேசையில்
ஐந்து எல்லைகளையும் அழித்து எழுதினேன்.
மறுநாள் அதே தடம், அதே தைனா, அதே மருமகள்:
இரண்டாம் மண்டலம். சுமை ஐம்பத்திரண்டு.

டிப்போவில் இல்போவிடம் காட்டினேன்.
அவனிடமும் இதே கடிகாரம்.
இலையுதிர்காலத்தில் நெஞ்சைத் திறந்து தைத்தவன்.
இதயத்துக்குக் கடிவாளம் போடும் மாத்திரை காலையில் ஒன்று.
புயோ குன்றில் கோபுரம்வரை நடந்தாலும்
நூற்றுப் பத்தைத் தாண்டாது அவனுக்கு.
சட்டை முதுகில் ஒட்டியிருக்கும்.
கடிகாரம் சொல்லும்: சுமை ஆறு.
சற்று சுறுசுறுப்பாக இருங்களேன்.

அவனைப் பனியில் விழச் சொல்ல முடியாது.
மருத்துவமனையில், சைக்கிளில் உட்காரவைத்து,
வயர் ஒட்டி எடுத்த எண் ஒன்று
அவன் பர்ஸில் நாலாக மடிந்திருந்தது: நூற்று நான்கு.
காபி ஆறும் முன்னே அதை ஏற்றினோம்.

வியாழக்கிழமை வந்து
ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டைத் திருப்பினான்.
அறுபத்தொன்று.
பிறகு ஒன்பதாம் எண் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு போனான்,
கொஞ்சம் வேகமாகவே.

போன நாட்களைக் கடிகாரம் திருத்துவதில்லை.
என் வரைபடத்தில் ஜனவரியும் பிப்ரவரியும்
பொய் மலைகளாக நிற்கின்றன,
மார்ச் நடுவில் செங்குத்தாக ஒரு பள்ளம்.
ஆகவே இப்போதெல்லாம்
கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்தால்
கை அதிர்கிறது:
உங்கள் பயிற்சி குறைந்துகொண்டே வருகிறது.

சரி என்கிறேன்.
பின்கதவு இன்னும் மூடவில்லை.
இறங்கிப்போய்
தோளால் தள்ளுகிறேன்.