நான்காவது வரி

எட்டு வருஷம் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில்
இல்லை என்பதை எப்படிச் சொல்லலாம் என்று
சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்தேன்.
பெருங்குடியில் ஒன்பதாவது மாடி.
ஜன்னல்கள் திறக்காது.
நாளுக்கு நூற்றுப்பத்து கோப்புகள்.
தொண்ணூறுக்குக் கீழே போனால்
மேனேஜர் குபேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
அன்பாக விசாரிப்பார்,
வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

நிராகரிப்புக் கடிதத்தில் நான்காவது வரி என்னுடையது.
'தங்கள் கஷ்டத்தை முழுமையாக உணர்கிறோம், ஆயினும்'
என்று தொடங்கும்.
தமிழில் எழுதினேன், பிறகு ஏழு மொழிகளுக்குப் போனது.
அந்த ஆயினும்-க்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.
அதில் என் பெயர் சுகிர்தமலர் என்பதில்
ஒரு எழுத்து தப்பு.

விட்டது பெரிய கதையில்லை.
ஒரு வியாழக்கிழமை
ஐஸ்கிரீம் கேட்ட மகளிடம் சொன்னேன்,
'உன் ஆசை எனக்குப் புரியுது, ஆயினும்.'
அவள் அழவில்லை.
ஆயினும்னா என்னம்மா என்றாள்.

தொண்ணூறு நாள் நோட்டீஸ்.
விலகும் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொன்னது கணினி.
உயர்கல்வி, திருமணம், உடல்நலம், இதர.
இதர-வை அழுத்திவிட்டுக்
கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

வேலூர் என் ஊரில்லை.
வாடகைக்குக் கட்டுப்படியாகிற ஊர்.
காந்தி ரோட்டுக்குப் பின்னால் லாட்ஜ் சந்தில்
முக்தார் பாயின் ஜெராக்ஸ் கடையில் பாதி இடம்,
ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்.
வங்காளி தெரியாத பெயிண்டர்
வங்காளியில் எழுதிய போர்டு:
இங்கே ஃபாரம் நிரப்பித் தரப்படும்.
ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்.
மே மாதத்தில் மலைப்பாறை
பகலில் வாங்கியதை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கிறது.
அந்த ஏசியை நினைக்காத நாளில்லை, பொய் சொல்வானேன்.
சில நாள் நாலு பேர்கூட வருவதில்லை.
அப்போது ஈ ஓட்டுவதும் அர்த்தமுள்ள வேலைதானா என்று
ஈயைக் கேட்டிருக்கிறேன்.

துலால் மஹதோ புருலியாவிலிருந்து வந்தவர்.
மனைவிக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர்,
அதற்குள் எட்டாக மடித்த கடிதம்.
ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்.
எனக்கு அந்த பாஷையில் நாற்பது சொல் தெரியும்.
கோஷ்டோ என்றார். கஷ்டம்.
ஒரு மூச்சு விட்டார்.
கிந்து என்றார்.

என் கை மேஜையைப் பிடித்துக்கொண்டது.
மொழி மாறியிருந்தது, துணி மாற்றிக்கொண்ட ஆள் மாதிரி.
நடை அதேதான்.
தோளில் தட்டிக்கொண்டே வாசலுக்கு அழைத்துப் போகும் நடை.

அவரிடம் சொல்லவில்லை.
அந்த வீட்டின் பின்கதவு மட்டும் எனக்குத் தெரியும்:
முப்பது நாளுக்குள், பதிவுத் தபாலில்,
டிஸ்சார்ஜ் தாளின் இரண்டாம் பக்கத்தோடு,
விதி எண்ணைச் சிவப்பில் கோடிட்டு.
செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தால் நல்லது.
அன்றைக்குத்தான் மறுபரிசீலனைக் குழு
சாப்பாட்டுக்கு முன்னால் கூடும்.

மனுவை இங்கிலீஷில் அடித்தேன்.
மூன்று வரியில் அவர்கள் சொன்னதையெல்லாம்
அவர்கள் சொன்னபடியே ஒப்புக்கொண்டேன்.
நான்காவது வரியை
ஆயினும் என்று தொடங்கினேன்,
அந்த பாஷையில் அதற்கு என்ன சொல்லோ அதால்.

ஐம்பது ரூபாயை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். மூன்றாம் தேதி வாடகை.

நகல் எடுக்கும்போது கரண்ட் போனது.
முக்தார் பாய் மெஷினின் வயிற்றைத் திறந்து
பாதியில் சிக்கிய தாளை உருவிக் கொடுத்தார்.
சூடாக இருந்தது.
மேலே மூன்று வரிக்குத்தான் மை ஏறியிருந்தது,
கீழே வெறும் வெள்ளை.

கரண்ட் வரும்வரை
துலால் அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்,
தனக்கு இரண்டு வீச்சு,
என் பக்கம் ஒன்று.