அரைக் குளிசை

பதினாறு இரவு. இரவுக்கு அரை.
எட்டு.
தந்தது பதினாலு. மிச்சம் ஆறு இருக்க வேண்டும்.
யோகமலர் கொண்டுவந்த மைலோ ரின்னை
மேசையில் கவிழ்க்கிறேன்.
ஒரு பொத்தான், இரண்டு பனடோல்,
பாதி சவரப் பிளேட்,
ஒரேயொரு குளிசை. அதுவும் விளிம்பு உடைந்தது.

வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை.
வாங்கில் கிதுர்ஷன், வயது எட்டு,
கழுத்து இடப்பக்கம் இழுபட்டு
கண் இரண்டும் கூரையில் ஏறி நிற்க
எதையோ பார்ப்பதுபோல் இருக்கிறான்.
எதையும் பார்க்கவில்லை.
பேத்தாழையில் அதற்குள்
கையில் கறுப்பு நூல் கட்டியாயிற்று.
நூலை நான் அறுக்கவில்லை,
நாடி பிடிக்க
கொஞ்சம் மேலே தள்ளிவிட்டேன்.

டொக்டர் வந்தார். ஊசி போட்டாயிற்று.
இனி இருபது நிமிடமோ, அரை மணியோ,
அவன் கழுத்துக்குத்தான் தெரியும்.

அந்த நேரத்துக்குள் அவனுடைய கொப்பியைப் புரட்டினேன்.
போன மாதம் முழுக்கச் சிவப்பு மை:
கதிரையில் இருப்பதில்லை. அடிக்கிறான். பெற்றோர் வரவும்.
இந்த மாதம் ஒரே வரி:
'மிக நல்ல முன்னேற்றம். வகுப்பில் அமைதி.'
அமைதியின் மேல்
எச்சில் வடிந்து காய்ந்த வட்டம்.
மை அதில் கரைந்து
ரோசாப்பூ நிறமாய்ப் பரவியிருந்தது.

யோகமலரிடம் நான் 'ஏன்' கேட்கவில்லை.
'எந்தெந்த நாள்?' என்று கேட்டேன்.
விரல் மடித்தாள்:
'ஐஸ் பெக்டரியில நைட் வேல வந்த மூண்டு நாள், மிஸ்.
லோன்காரப் பொடியன் வாசல்ல நிண்ட அண்டைக்கு.
பள்ளிக்கூடத்துக்கு ஆரோ பெரிய ஆக்கள் வாறதெண்டு
ரீச்சர் சொல்லியனுப்பின அண்டைக்கு, காலமையும்.
பிறகு...'
பிறகு விரல் போதவில்லை.
'நல்லாத்தானே இருந்தான். ஒரு கரைச்சலும் இல்லாம.'

எனக்கு அந்தச் சொல் தெரியும்.
சிறுவர் வார்ட்டில் ஓர் இராத்திரி,
பதினெட்டுக் கட்டில், நான் ஒருத்தி,
ஒருவன் மட்டும் கட்டிலுக்குக் கட்டில் பாய்ந்துகொண்டிருந்தான்.
அவனுடைய சீட்டில் எழுதியிருந்தது:
'தேவைப்பட்டால்.'
யாருக்குத் தேவை என்று எழுதியிருக்கவில்லை.
மருந்து அலுமாரிச் சாவி என் கையில் சூடேறியது.
அன்றைக்கு நான் கொடுக்கவில்லை.
இன்னொரு நாளைக்குக் கொடுத்திருக்கிறேன்.
விடியுமட்டும் அவனுடைய மூச்சை எண்ணினேன்,
நல்லவளாய் அல்ல, பயந்தவளாய்.

ஆகவே யோகமலரைத் திட்ட
என் வாயில் பல் இல்லை.
கொப்பியின் பின்மட்டையில் முப்பது கட்டம் கீறினேன்.
கொடுத்தால் ஒரு புள்ளடி.
டொக்டர் திரும்பச் சொல்லும்வரை புள்ளடி வேண்டாம், கட்டம் மட்டும்.
கூடக் கொடுக்கத் தோன்றினால்
குளிசையைத் தொடாதே,
இந்த நம்பரை அமர்த்து, நடுச்சாமம் என்றாலும்.
ரின்னை அலுமாரி உச்சியில் வை, பூட்டி வை.
'சின்னவள் அத டொபி எண்டுதான் சொல்லுவாள்'
என்றவள், சொன்ன பிறகுதான்
தான் சொன்னதைக் கேட்டாள்.
சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது.

ரீச்சருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.
எப்படித் தொடங்குவது?
'உங்கள் வகுப்பின் அமைதி பற்றி...'
கிழித்தேன்.

கிர்ரென்று ஒரு சத்தம்.
திரும்பினால், வாங்கு வெறுமை.
கிதுர்ஷன் நிறை பார்க்கும் தராசில் ஏறி நின்று குதிக்கிறான்,
கழுத்து நேராய், கண் கீழே,
முள் பூச்சியத்துக்கும் நாற்பதுக்கும் இடையில்
பைத்தியமாய் ஆட.
'மகன், இறங்கு!' என்று தாய் கத்துகிறாள்.
என் பேனையும் அவன் கையில்தான்.

இருபத்துநாலரை கிலோவா, இருபத்தைந்தா?
முள் நின்றால்தான் எழுதலாம்.
நிற்கட்டும்,
அவசரம் இல்லை.