அரிச்சந்திரா நதிக்கரைக் காபி

தலைஞாயிற்றில் காபி நன்றாக இறங்க
முதலில் தண்ணீருக்குச் சண்டை போட வேண்டும்.
கைப்பம்பில் வருவது உப்பு.
பால் பொங்கும்போதே திரிந்து சுருளும்.
மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற
கொள்ளிடத்துக் குடிநீரில் ஒரு குடத்தை
சோற்றுக்கில்லை, காபிக்கு என்று
மூடி, மேலே குழவிக்கல்லையும் வைப்பேன்.
ரேஷன் கடையில் பில் போடுகிறவள் நான்.
ஆறரைக்கு அது உள்ளே போகாவிட்டால்
அன்றைக்கு எவருக்கோ சர்க்கரை
கூடப் போகும், குறையப் போகும்.

தாஸ் கப்பலிலிருந்து குரல் அனுப்புவார்.

"சலேத்து, இஸ்தான்புல்லில்
சுடுமணலில் செம்புச் சட்டியைப் புதைத்துக் காய்ச்சுறாங்க.
அடி வண்டலைக் குடிக்கக் கூடாதாம்,
கவிழ்த்துவச்சுக் குறி பார்க்கணுமாம்."
அடுத்த மாதம் ஹைபோங்:
"நம்ம ஃபில்டருக்குத் தம்பி மாதிரி ஒண்ணு,
கோப்பை மேலேயே உட்காருது.
கீழே கெட்டிப் பால். சொட்டுறதுக்குள்ள
ஒரு ஜெபமாலை சொல்லிடலாம்."
நேப்பிள்ஸில் நின்றபடி ஒரே மடக்காம்.
பதினோரு மணிக்கு மேல் பால் கேட்டால்
குழந்தையா என்பது போலப் பார்ப்பார்களாம்.

பாமாயில் வரிசை நீண்டிருக்கும்.
காதில் போனை இடுக்கிக்கொண்டு
கைரேகை விழாத விரல்களைத் துடைக்கச் சொல்லிக்கொண்டே
நான் ஊர் ஊராய்க் குடித்தேன்.

பதிலுக்கு என்னிடம் இருந்தது இவ்வளவுதான்:
தூளை அழுத்தாதே, தட்டிச் சமன் செய்.
தண்ணீர் கொதித்ததும் ஊற்றாதே, இருபது எண்ணு.
முதல் கரண்டி தூள் நனைய மட்டும்.
அது உப்பி, மூச்சு விட்டு, அடங்கும்.
பிறகு மீதி.
பிறகு அதைத் திறந்து திறந்து பார்க்காதே.
(இதை மட்டும் நானே கேட்பதில்லை.)

கோடையில் ஒரு முறை சொன்னார்,
எத்தியோப்பியாவில் சில கிராமங்களில்
காபிக்குச் சர்க்கரை இல்லை, உப்பு.
அன்று நான் சிரித்த சிரிப்பில்
வரிசையில் நின்ற வேதநாயகி அத்தை
பையைக் கீழே போட்டார்.
உப்பு! எங்களுக்கு அது போடாமலே கிடைக்கும்.

ஐப்பசியில் விடுப்பில் வந்தார்.
இரண்டாம் நாள் சோறு பிசைந்தபடி,
மழையைப் பற்றிச் சொல்வது போல:

"எந்த ஊரிலயும் இறங்கல சலேத்து.
பத்து மணி நேரத்துல பெட்டியெல்லாம் ஏத்தி இறக்கிடுவான்.
எனக்கு அப்பத்தான் இன்ஜின் ரூம்ல வேலை.
கரைச் சீட்டு ரெண்டு தடவை கேட்டேன், கொடுக்கல.
இஸ்தான்புல், எம்ரே சொன்னது.
உப்பு, தெஸ்ஃபாயேயோட அம்மா ஊர்.
குடிச்சதெல்லாம் டப்பாத் தூள்தான்,
எல்லாருக்கும் ஒரே டப்பா.
கரைச்சு வச்சுக்கிட்டு அவனவன்
அவனவன் வீட்டுக் காபியப் பேசுவான்."

கிரேன்களைத் தவிர
ஒரு நாட்டையும் பார்க்காத மனிதர்.
எனக்குக் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் காபிய. நுரைய. டவரா விளிம்புல
நீ ஒரு சுழட்டு சுழட்டுறத.
தண்ணி எங்கேர்ந்துன்னு எம்ரே கேட்டான்.
வாசல்லயே ஆறு ஓடுதுன்னேன்.
தேன் மாதிரி இருக்கும்னேன்."

அரிச்சந்திரா நதி.
பங்குனியில் கடல் ஏறி வந்து படுத்துக்கொள்ளும் ஆறு.
அந்தப் பெயரை வைத்துக்கொண்டா
துருக்கிக்காரனிடம் பொய் சொல்வது?

மறுநாள் காலை
குழவிக்கல்லை நகர்த்தவில்லை நான்.
கைப்பம்பில் ஒரு சொம்பு அடித்தேன்.
பால் திரியுமே, அதனால் கடுங்காப்பி.
இருபது எண்ணினேன். நனைத்தேன். காத்திருந்தேன்.
எல்லாம் முறைப்படி.

ஒரு வாய் குடித்தார்.
டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இன்னொரு வாய்.

"அப்படியே தெஸ்ஃபாயே ஊர்க் காபி" என்றார்,
அதை ஒருநாளும் குடித்திராதவர்.