குளிர்ந்த தொட்டி

பொறியாளருக்கு மலையேறியதில் மூச்சுத் திணறலாம்.
ஊர்க்கூட்டத்துக்கு என்னை அனுப்பிவிட்டார்கள்,
ராத்திரியில் கண்ணாடி கழுவும் லாரி ஓட்டுகிற என்னை.

"ஹெர்மிந்தா, நீயாவது புரியும்படி சொல்.
அந்தக் கோபுரத்தில் என்னதான் எரிகிறது?"

எதுவும் எரியவில்லை.
கீழே பத்தாயிரம் கண்ணாடிகள்,
ஒவ்வொன்றும் ஒரு மொட்டைமாடி அகலம்.
அவை சூரியனைப் பார்ப்பதில்லை.
கோபுரத்தையும் பார்ப்பதில்லை.
இரண்டுக்கும் நட்டநடுவே
வெறும் ஆகாயத்தில் ஓரிடத்தைப் பார்க்கின்றன.
அந்த நடு தப்பினால் வெளிச்சம் கோபுரத்தில் விழாது.
சூரியன் ஒரு பங்கு நகர்ந்தால்
கண்ணாடி அரைப் பங்கு.

"பஞ்சாயத்து பண்ணுகிறவன் மாதிரி" என்றார்
கல்லறைக் காவலர் எலெயுதேரியோ.
ஆறு வருஷமாகக் கழுவுகிறேன்,
எனக்குத் தோன்றவில்லை இது.

உச்சியில் உப்பு ஓடுகிறது.
சோற்றுக்குப் போடுகிற உப்பில்லை,
இதே அடகாமாவில் தோண்டுகிற வெடியுப்பு.
உருகினால் தண்ணீராட்டம் ஓடும்.
ஐநூற்று அறுபத்தைந்து டிகிரி.
பகலை பிளாஸ்கில் ஊற்றிவைக்கிறோம்,
அவ்வளவுதான்.
இருட்டியதும் அந்தச் சூட்டில் நீராவி,
ஆவியில் சக்கரம், சக்கரத்தில் கரண்ட்.

வேலை முடிந்த உப்பு திரும்பும் இடத்துக்கு
குளிர்ந்த தொட்டி என்று பெயர்.
அதன் குளிர், இருநூற்றுத் தொண்ணூறு.
ரொட்டி வைத்தால் கரியாகும்.

சிரித்தார்கள்.
சிரிக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் ஆறினால்
குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.
ஒரு ஜூலையில் ஆனது.
பதினோரு நாள்.
பொறியாளர் லாரிக்குப் பின்னால் நின்று அழுதார்.

டயர்க்கடை பசிலியா எழுந்தாள்.
"ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறதே அந்த உப்பு,
யாருக்காக?
எங்கள் டீசல் இஞ்சின் பதினொன்றுக்கு நின்றுவிடுகிறது."

கம்பி நம் கூரைக்கு மேலேதான் போகிறது,
பசிலியா.
இரண்டு லட்சத்து இருபதாயிரம் வோல்ட்.
இறக்க ஒரு துணைமின்நிலையம் வேண்டும்,
அதன் செலவு, மின்மாற்றி, அனுமதி...
அதுவரை பிளாஸ்க் என்று பேசிய வாயில்
எண்கள் வரத் தொடங்கின.
அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தரைக்கு வேலைக்குப் போனேன்.
நாற்பத்திரண்டாம் வரிசை.
கழுவுவதற்காக நிமிர்த்தியிருந்த கண்ணாடியில்
துடைத்த பட்டைக்குள்
ஊர் தெரிந்தது, முப்பது முப்பத்தைந்து விளக்குகள்.
சட்டென்று அந்த இடம் கறுத்தது.

அழுக்கென்று நினைத்து
இன்னொரு தடவை தண்ணீர் பாய்ச்சினேன்.